ரோத்பார்ட்டின் எலிப்பொறி: மிஸ்டர் பிளாக் திருடனா இல்லையா?

எழுத்தாணி:
தனிமனித சுதந்திரமும் சொத்துரிமையும்தான் அடிப்படை, அரசு குறுக்கிடக் கூடாது என்கிற லிபர்டேரியன்களைப் பற்றி நேற்று சந்தைக்காரன் இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "அறிவுசார் சொத்துரிமையை ஏற்பவன் லிபர்டேரியனே அல்ல, ரோத்பார்ட்டே அதை மொத்தமாக நிராகரித்தவர்." அடித்துவிடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அமெரிக்கப் பொருளியலாளரான ரோத்பார்ட் எதிர்த்தது பேட்டண்டை, அதாவது கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமையை. பதிப்புரிமையை அவர் ஒப்பந்தமாகப் பார்த்தார். 1962-இல் வந்த நூலிலும் அதுதான், 1982-இல் வந்ததிலும் அதுதான். அந்த எலிப்பொறி உதாரணத்தைப் படித்தீர்களா? பிரவுன் எலிப்பொறி செய்து, தன் பெயரில் பதிப்புரிமை முத்திரை குத்தி விற்கிறான். வாங்கிய கிரீன் அதே மாதிரி செய்து விற்றால் ஒப்பந்த மீறல், திருட்டு. கிரீனிடம் இருப்பதைப் பார்த்துச் செய்கிற பிளாக்கும் தப்ப முடியாது என்கிறார்.

சந்தைக்காரன்:
படித்தேன் சார், நீங்கள் படிப்பதற்கு முன்பே. கேள்வி ஒன்றுதான். பிளாக் எதில் கையெழுத்துப் போட்டான்? கிரீன் வீட்டுத் திண்ணையில் எலிப்பொறியைப் பார்த்தான். வீட்டுக்குப் போய்த் தன் பலகையில், தன் கம்பியில் ஒன்று செய்தான். ஒப்பந்தம் செய்துகொண்டவர்களைத்தான் ஒப்பந்தம் கட்டும். லிபர்டேரியன் எழுத்தாளர் கின்செல்லா 2001-இலேயே இதை எழுதிவிட்டார். ரோத்பார்ட் இந்த இடத்தில் சறுக்கினார், அவ்வளவுதான்.

எழுத்தாணி:
நேற்று "மொத்தமாக நிராகரித்தவர்", இன்று "சறுக்கினார்". சரி, பிளாக்குக்கு வருவோம். வில்லங்கம் உள்ள நிலத்தை வாங்கினால் வில்லங்கமும் சேர்ந்துதான் வரும். விற்றவனிடம் இல்லாத உரிமை வாங்கியவனுக்கு எங்கிருந்து வரும்? காப்பி எடுக்கும் உரிமையை பிரவுன் கிரீனுக்கு விற்கவே இல்லை. கிரீனிடம் இல்லாதது பிளாக்குக்கு எப்படிக் கிடைத்தது?

சந்தைக்காரன்:
பிளாக் எதையும் வாங்கவில்லை. பார்த்தான். பார்ப்பதற்கும் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டுமா?

வைகைக்கரை:
இருவரும் எலிப்பொறியிலேயே மாட்டிக்கொண்டீர்கள். அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மனிதனின் மூளை உழைப்புக்கு அவனுக்குள்ள உரிமைதான் பேட்டண்டும் பதிப்புரிமையும். காலவரம்பு மட்டும் வேண்டும் என்றார், ஏனென்றால் என்றென்றைக்கும் கொடுத்தால் உழைக்காத வாரிசுகள் உட்கார்ந்து தின்பார்கள்.

சந்தைக்காரன்:
லிபர்டேரியன்களைக் கடைசிவரை திட்டித் தீர்த்தவரை லிபர்டேரியன் விவாதத்துக்குச் சாட்சி கூப்பிடுகிறீர்கள். அப்புறம், பதிப்புரிமைக்கு இருப்பதுபோல என் வீட்டுக்கு ஆசிரியர் இறந்து 60 வருடம் என்று காலவரம்பு உண்டா? சொத்து என்றால் சொத்து. அமெரிக்கச் சிந்தனையாளர் ஸ்பூனராவது 1855-இல் நேர்மையாக, அறிவுச் சொத்தும் என்றென்றைக்கும் சொத்துதான் என்று எழுதினார். காலவரம்பு வைத்த அன்றே அது அரசு கொடுத்த சலுகை என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நீராவி எந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட் 1769-இல் வாங்கிய பேட்டண்டை 1775-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1800 வரை நீட்டித்துக் கொடுத்தது. அது சந்தையா, செல்வாக்கா?

எழுத்தாணி:
வாட்டிடம் இருந்தது பேட்டண்ட். நான் பேசுவது பதிப்புரிமை. பிளாக்கிடமிருந்து தப்பி ஓடாதீர்கள்.

கணியன்:
ஒரு சின்ன வேண்டுகோள். பாதிப்பேர் காப்புரிமை என்று பேட்டண்டைச் சொல்கிறார்கள், பாதிப்பேர் காப்பிரைட்டைச் சொல்கிறார்கள். 'சொத்து' என்றால் என்ன என்பதையும் யாரும் சொல்லவில்லை. முதலில் வரையறுத்துவிட்டுப் பேசலாமே?

எழுத்தாணி:
கணியன், வரையறை எனக்கு வேண்டாம், நான் பட்டவன். ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தேன். 'ழ'வின் வாலை மற்ற எழுத்துருக்களைவிடக் கொஞ்சம் நீட்டி, நுனியில் லேசாக மேலே திருப்பியிருந்தேன். அதற்கே பதினோரு தடவை அழித்து வரைந்தேன். விற்பனைக்கு விட்ட மூன்றாம் மாதம், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கல்யாண பேனர். "வாழ்க" என்பதில் அதே வால், அதே திருப்பம். அந்தக் கடைக்காரர் என்னிடம் வாங்கவில்லை. யாரோ பென் டிரைவில் கொடுத்தாராம். அவர்தான் உங்கள் மிஸ்டர் பிளாக். "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே சார்" என்று அவரும் சொன்னார்.

சந்தைக்காரன்:
வருத்தமான விஷயம்தான். ஆனால் அவர் எடுத்த பிறகும் உங்கள் எழுத்துரு உங்கள் கணினியில் அப்படியே இருந்ததா இல்லையா? என் சைக்கிளை எடுத்துப்போனால் நான் நடக்க வேண்டும். உங்களிடமிருந்து என்ன போனது? மேலும், 'ழ' உங்கள் தாத்தா கண்டுபிடித்ததா? எத்தனை தலைமுறை வளைத்த வளைவை நீங்கள் காப்பி எடுக்கலாம், உங்கள் வளைவை அடுத்தவர் எடுக்கக் கூடாதா?

எழுத்தாணி:
தாத்தாவை எதற்கு இழுக்கிறீர்கள்? பிட்காயின் விவாதத்திலும் கடைசியில் இப்படித்தான் வீட்டு ஆட்களை இழுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

சந்தைக்காரன்:
பிட்காயினில் யார் சொன்னது பலித்தது என்று ஊருக்கே தெரியும்.

வைகைக்கரை:
கின்செல்லா, கின்செல்லா என்கிறீர்களே, அவர் பிழைப்பே பேட்டண்ட் வழக்கறிஞர் வேலைதான். அது தெரியுமா?

சந்தைக்காரன்:
தெரியும். உள்ளே இருந்து பார்த்தவர் சொன்னால் கூடுதலாகத்தான் நம்புவேன்.

எழுத்தாணி:
எனக்கு அவர் தொழில் வேண்டாம், பதில் வேண்டும். மறுபடியும் கேட்கிறேன். கிரீனிடம் இல்லாத உரிமை பிளாக்குக்கு எப்படி வந்தது? 1982 நூலில் அந்தப் பத்தி இருக்கிறது. நாளைக் காலையில் படம் பிடித்துப் போடுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

சந்தைக்காரன்:
போடுங்கள். போடுவதற்கு முன் முத்திரை குத்தியவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். நாங்கள் எல்லோரும் மிஸ்டர் பிளாக் ஆகிவிடப் போகிறோம்.

எழுத்தாணி:
விமர்சிக்க ஒரு பத்தியை எடுத்துக் காட்டச் சட்டமே இடம் தருகிறது, அதுகூடத் தெரியாமல் பேச வந்துவிட்டீர்கள். பேச்சை மாற்ற வேண்டாம். பிளாக்?

சந்தைக்காரன்:
பார்த்தான் சார். பார்த்தான்!