மென்பொருள் மிக்சரில் அனலாக் கன்சோலின் நிறம்: 22 டிராக்கிலும் பிளக்-இன் போடுவது சரியா?

பென்னாகரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் வாசிக்கும் பம்பைக் குழு ஒன்றின் பாடல்களைப் பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்து வருகிறேன். பம்பைகள், உடுக்கை, சிலம்பு, தாளம், பாட்டுக்காரர், பின்பாட்டு என மொத்தம் 22 டிராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்). பதிவு தெளிவாகத்தான் இருக்கிறது; ஆனால் ஒரே பந்தலில் நின்று வாசித்தது போல் ஒட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. பழைய அனலாக் கன்சோல், அதாவது மிக்சர் மேசை, தன் மெல்லிய சிதைவால் ஒலிக்குத் தரும் நிறம் வேண்டுமென்று, அந்தச் சிதைவைப் போலச் செய்யும் ஒரே சாச்சுரேஷன் பிளக்-இன்னை (துணை மென்பொருளை) எல்லா டிராக்கிலும் போட்டேன். அன்றிரவு சொக்கிப்போனேன். காலையில் கேட்டால், பம்பைத் தோலில் குச்சி விழும் ‘டக்’ மழுங்கியிருந்தது. தாளத்தின் மேல் மணலைத் தூவியது போல் ஒரு கரகரப்பு வேறு. மடிக்கணினியும் திணறுகிறது. மிக்ஸ்பஸ், ஸ்டுடியோ ஒன் ஆகிய வேறு பதிவு மென்பொருள்களில் இந்த நிறம் மிக்சருக்குள்ளேயே கிடைக்கிறதாம். ரீப்பரை விட்டுப் போகாமல் அதைப் பெற வழி உண்டா?

ஓசூர் ஒலிக்காரன்:
வணக்கம் நண்பரே. இரவில் சொக்கியதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலியளவாகத்தான் இருக்கும். இவ்வகைப் பிளக்-இன்கள் ஓரிரு டெசிபெல் ஏற்றிக் கொடுத்துவிடும். சற்று உரக்கக் கேட்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். வெளியீட்டை அதே அளவு குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். அடுத்து, பல பிளக்-இன்கள் டிஜிட்டல் அளவில் மைனஸ் 18 டெசிபெல்லைப் பழைய வியூ மீட்டரின் (கன்சோலில் ஒலியளவு காட்டும் முள் மானியின்) பூஜ்யமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. மைனஸ் 6-இல் பதிவான பம்பையை அப்படியே உள்ளே விட்டால், உண்மையான கன்சோலில் வழக்கமாகச் செய்வதைவிட அதிகமாக அதை நெரிக்கிறீர்கள் என்று பொருள். நல்ல கன்சோல் ஒன்று இயல்பான அளவில் வேலை செய்யும்போது அதன் சிதைவு 1 விழுக்காட்டைத் தொடுவதே அரிது.

தாளத்தின் கரகரப்பு வேறு சங்கதி. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க இடமில்லை. சாச்சுரேஷன் ஹார்மோனிக்குகளை, அதாவது மூல ஒலியின் மடங்குகளை, உண்டாக்கும்; தாளத்திலுள்ள 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் ஹார்மோனிக் 30,000. அது மடங்கி 14,100-இல் வந்து விழும். அந்தச் சுரத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லாததால்தான் அது மணலாகக் கேட்கிறது. ரீப்பரின் அண்மைப் பதிப்புகளில் பிளக்-இன் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓவர்சாம்பிளிங் (உள்ளே மாதிரி வீதத்தை உயர்த்தி, இந்த மடங்கலைக் குறைக்கும் முறை) வைக்கலாம். ஆனால் 22 இடத்தில் வைத்தால் கணினி படுத்துவிடும். தாளத்துக்குச் சாச்சுரேஷனே வேண்டாம் என்பேன்.

கிருஷ்ணகிரிக் கோட்டை:
நீங்கள் கேட்ட வழி உண்டு. ஏர்விண்டோஸ் என்ற பிளக்-இன் தயாரிப்பாளர் வெளியிடும் கன்சோல் என்ற இலவசப் பிளக்-இன் இணையைப் பாருங்கள். டிராக் ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘சேனல்’ என்பதையும், அவை ஒன்றாகச் சேரும் தடமான பஸ்ஸின் முதலிடத்தில் ‘பஸ்’ என்பதையும் போட வேண்டும். அதன் அடிப்படை எளிது: சேனல் சைன் கணக்கைப் போட்டு அலையை வளைக்கிறது, பஸ் அதன் எதிர்க்கணக்கைப் போட்டு நிமிர்த்துகிறது. ஒரே ஒரு டிராக் ஓடினால் வளைத்ததும் நிமிர்த்தியதும் சரியாகப் போய்விடும்; பல டிராக்குகள் கூடும் இடத்தில்தான் நிறம் பிறக்கிறது. ஆகவே ஒரு டிராக்கை மட்டும் சோலோ போட்டு ஒப்பிட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று கழற்றிவிடாதீர்கள் (நான் ஒரு வாரம் அப்படித்தான் ஏமாந்தேன்). இரண்டு டிராக்குகள் ஒரே கணத்தில் 0.5 அளவைத் தொட்டால் (முழு அளவு 1), கூட்டல் 1 ஆகாமல் ஏறக்குறைய 1.28 ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் தாழ்த்தி வைத்தே வேலை செய்ய வேண்டும்.

ரீப்பரில் ஒரு பொறியும் உண்டு. அங்கே பிளக்-இன்கள் ஃபேடருக்கு (டிராக்கின் ஒலியளவை மாற்றும் தள்ளுபிடிக்கு) முன்னால் ஓடுகின்றன. சேனல் வளைத்த பிறகு ஃபேடரால் அளவைக் குறைத்தால், பஸ் போடும் எதிர்க்கணக்கு பொருந்தாது. ஃபேடரை ஏற்றாமலும் இறக்காமலும் பூஜ்ய டெசிபெல்லிலேயே விட்டுவிட்டு, சேனலுக்கு முன்னால் ஒரு வால்யூம் பிளக்-இன் போட்டு அதில் அளவை மாற்றுங்கள்.

காவேரிப்பட்டணத்தார்:
தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் பம்பை இரட்டை முழவு. ஒன்று மரம், மற்றொன்று உலோகம். இரண்டுக்கும் ஒரே பூச்சைப் பூசினால் அவற்றின் வேறுபாடு அழிந்துவிடும். பம்பை மைக்குகளின் ஃபேஸ் சரியாக இருக்கிறதா, அதாவது அவற்றின் அலைகள் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். ஒட்டாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம். சில பிளக்-இன்களில் இரைச்சலுக்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அதை அணைத்துவிடுங்கள். நம் வீட்டு வயரிங் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இலவசமாகவே தருகிறது.

பென்னாகரத்தான்:
மூவருக்கும் நன்றி. காவேரிப்பட்டணத்து அண்ணன் சொன்னபடி பார்த்தேன். உலோகப் பம்பையின் அடிப்பக்க மைக்கின் அலை தலைகீழாக இருந்தது. அதைத் திருப்பியதுமே கும்கும் என்ற அடி வந்துவிட்டது. பிறகு எல்லா ஃபேடரையும் பூஜ்யத்தில் வைத்து, வால்யூம் பிளக்-இன்னில் அளவைக் குறைத்து, கன்சோலை மாட்டினேன். மாற்றம் சிறிதுதான். அதைக் கழற்றினால் பின்பாட்டுக்காரர்கள் ஓர் அடி விலகி நிற்பது போல் இருக்கிறது, எனவே வைத்துக்கொண்டேன். சாச்சுரேஷன் இப்போது பாட்டுக்காரர் குரலிலும் மரப் பம்பையிலும் மட்டும், ஓவர்சாம்பிளிங்கோடு இருக்கிறது. உடுக்கையை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பம்பையோடு சேர்த்தால் மறைகிறது, குரலோடு சேர்த்தால் துருத்திக்கொண்டு நிற்கிறது.