பச்சையாக நிற்கும்போதே வாடுகிற உருளைக்கிழங்குச் செடிகள்

இடம் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளை. லய வீட்டுக்குப் பின்னால் சரிவில் மூன்று பாத்தி கிரனோலா இன உருளைக்கிழங்கு, நட்டு இன்றைக்கு 58 நாள். பத்து நாளாகச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. இலையில் புள்ளி இல்லை, மஞ்சளும் இல்லை. மத்தியானம் துவண்டு கிடக்கும், விடியும்போது நிமிர்ந்து நிற்கும். மூன்று நாலு நாள் போனால் நிமிர்வதும் இல்லை. 120 செடியில் 35 போய்விட்டது.

முதலில் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். (இந்த மழையிலா என்று வீட்டில் சிரித்தார்கள்.) அப்புறம் இலை கருகும் வெளிறல் நோயாக இருக்கும் என்று மான்கோசெப் பூஞ்சண மருந்து இரண்டு தடவை அடித்தேன், சாம்பல் போட்டேன், வடிகானை ஆழமாக வெட்டினேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

நேற்று ஒன்றைப் பிடுங்கிக் கிழங்கை வெட்டினேன். தோலுக்குச் சற்று உள்ளே மண்ணிறத்தில் ஒரு வளையம். அமுக்கினால் சளி மாதிரி வெள்ளையாகக் கசிகிறது. அடித்தண்டை நறுக்கிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல இறங்கியது. சரி, பக்டீரியா வாடல்தான். மருந்தடித்து மாறுகிற வியாதி இல்லை என்று தெரியும். விதைக்கிழங்கு சந்தையில் மலிவாக வாங்கியது. போன வருடம் இதே பாத்தியில் தக்காளியும் இப்படித்தான் செத்தது, அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வாடியவற்றைக் கிழங்கோடு எடுத்துத் தூரத்தில் புதைத்துவிட்டேன். மம்பட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் வைப்பதில்லை.

மேல் பாத்தியில் 40 செடி இன்னும் நன்றாக நிற்கிறது, கிழங்கு கோழி முட்டை அளவு. முதிர இன்னும் ஒரு மாதம் வேண்டும். இதே வியாதியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அந்த 40ஐ இப்போதே தோண்டிவிடவா, விட்டுப் பார்க்கவா?