பின்னால் ஸ்டாப்வாட்ச் வந்து நின்ற நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிளாட்லாக் டெய்லர்

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது கடிகாரத்தோடு வந்து நின்றிருக்கிறார்களா? நின்றிருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

பிளாட்லாக் என்கிற தையல் மெஷினில், டீ-ஷர்ட்டின் கை ஓரத்தை மடித்து அடிக்கிற வேலை எனக்கு. மடிப்பு ஒரே அகலத்தில் வரணும். மற்றவர்கள் ஒவ்வொரு பீஸையும் கண்ணால் பார்த்துப் பிடிப்பார்கள். நான் ஊசிக்கு வலப்பக்கம், மெஷின் தட்டில், டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி வைத்தேன். மடித்த ஓரம் அதில் போய் முட்டி நிற்கும். அப்புறம் பார்க்கவே வேண்டாம், கை தானாகப் போகும்.

ஒருநாள் ஐ.ஈ. சார் (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர், வேலைக்கு நேரம் குறிப்பவர்) வந்தார். பத்து பீஸ் பார்த்தார். பண்டில், அதாவது வெட்டிய துணிக்கட்டு, அப்போதுதான் பிரித்தது, நூல் புதுசு, ஊசி புதுசு. சராசரி 36 வினாடி. ஓய்வுக்கென்று 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்து 41.4 வினாடி, மணிக்கு 87 பீஸ் என்று எழுதிக்கொண்டார். அதுவரை டார்கெட் 70. போகும்போது குனிந்து டேப்பைத் தொட்டுப் பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

அடுத்த வாரம் எல்லா மெஷினிலும் டேப் இருந்தது. எல்லாருக்கும் 87. பக்கத்து மெஷின்காரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "உன்னாலதான்டி" என்றாள். தப்பு சொல்ல முடியாது. நூல் அறுந்த நேரம், பண்டில் வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நேரம் எல்லாம் அந்தப் பத்து பீஸில் எங்கே இருந்தது?

வாட்ச் பிடித்தவன்

அக்கா, அந்த சார் நானில்லை. ஆனால் நானும் அதே வேலைதான் ஆறு வருஷம் பார்த்தேன், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதுகிறேன்.

வெளியே தெரியாத ஒரு விஷயம் 'ரேட்டிங்', ஆள் வேலை செய்யும் வேகத்துக்கு நாங்கள் போடும் மதிப்பு. வாட்ச் 36 என்று காட்டும். நீங்கள் வேண்டுமென்றே மெதுவாக அடிக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றினால் 80 சதவீதம் என்று போடுவேன், 36 போய் 28.8 ஆகிவிடும். அந்த 80 எங்கிருந்து வந்தது? என் கண்மதிப்பிலிருந்து. வாட்ச் வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியம், அதைப் பெருக்குகிற எண் குத்துமதிப்பு. பேர் மட்டும் அறிவியல் மேலாண்மை.

இதையெல்லாம் ஆரம்பித்த அமெரிக்க இன்ஜினியர் ஃபிரெடரிக் டெய்லர் தானே லேத்தில் நின்று வேலை பார்த்தவர். தொழிலாளிகள் எப்படி வேகத்தை மறைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஆள் கையிலும் தலையிலும் இருக்கிற அறிவை நிர்வாகம் திரட்டி, விதியாக எழுதி, திரும்ப ஆளிடமே கொடுக்க வேண்டும் என்று 1911-ல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். உங்கள் டேப்புக்கு நடந்தது அதுதான்.

அவர் பெருமையாகச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில் ஒருவர் நாளுக்கு 12½ டன் வார்ப்பிரும்பு தூக்கினார், அதை 47½ டன்னாக ஆக்கினேன் என்றார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. சுமை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி அறுபது சதவீதம் கூடுதல். கல்லூரியில் இதைச் சாதனை என்றுதான் படித்தேன். டன்னுக்கு எவ்வளவு கூலி என்று பக்கத்திலேயே வகுத்தல் போட்டுப் பார்க்கணும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கிடங்கு, இரவு ஷிஃப்ட்

உங்களுக்காவது ஒரு மனுஷன் வந்து நின்றார். எனக்கு ஸ்கேனர்தான். ஒரு பொருள் எடுத்ததும் அடுத்த அடுக்கின் எண் வரும், பக்கத்தில் வினாடி குறைந்துகொண்டே போகும். பார்கோடு கிழிந்த பெட்டி வந்தால் நான் சும்மா நிற்பதாகப் பதிவாகும். அதனோடு சண்டை போடவா முடியும்?

கார் லைன்

கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் இருந்த இடத்தில் தலைக்கு மேல் ஒரு கயிறு இருந்தது. தப்பு தெரிந்தால் இழுக்கலாம். முதல்முறை இழுத்தபோது கால் நடுங்கியது. பாட்டு ஒலித்தது, விளக்கு எரிந்தது, லைன் நின்றது. டீம் லீடர் ஓடி வந்து என்ன என்று பார்த்து, "நல்லவேளை" என்றார். அவ்வளவுதான். வேலை முறைத் தாளை நாங்களே எழுதுவோம், நாங்களே திருத்துவோம். டொயோட்டாவிலிருந்து பரவிய முறை இது.

கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 1913-ல் அவர் நகரும் லைன் போட்ட பிறகு பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) வேலை சுமார் 93 நிமிடத்துக்கு வந்தது. ஆட்கள் நிற்கவில்லை, ஓடிவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் சுமார் 14,000 பேரை வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததில் தர்மம் எவ்வளவு, தவிப்பு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் லைனில் ஒரு மாதம் யாரும் கயிறு இழுக்கவில்லை என்றால், ஆள் அதிகம் என்று கணக்குப் போட்டு அடுத்த மாதம் ஒரு ஆள் குறைவார்.

ஹெட்செட்

கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்கு இரவெல்லாம் பதில் சொல்கிற வேலை. கத்துகிறவர் கத்தி முடித்ததும் உடனே பேசமாட்டேன். மூன்று வினாடி விடுவேன். பாதிப் பேர் தாங்களாகவே இறங்கி வந்துவிடுவார்கள். பிறகு "முதலில் உங்களுக்கு எது உடனே சரியாகணும், அதைச் சொல்லுங்கள்" என்பேன்.

அந்த வரி மேலே பிடித்துப்போய் எல்லாருடைய ஸ்கிரிப்டிலும் ஏறியது. மூன்று வினாடி ஏறவில்லை. அழைப்பில் மௌனம் என்று எனக்கே மார்க் குறைத்தார்கள். இப்போது அந்த வரியை ஒரு பேசும் சாட்பாட் சொல்கிறது, நான் பேசும்போது விட்ட மூச்சோடு சேர்த்து.

பழைய ஃபிட்டர்

எல்லாவற்றையும் படித்தேன். நான் அதிகம் எழுதிப் பழகாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருஷம் ஒரே பிரஸ் மெஷின்களோடு இருந்தேன். ஆலையை வேறு நாட்டுக்கு மாற்றப்போகிறோம், அங்கே கூலி குறைவு என்றார்கள். போவதற்கு முன் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. மூன்றாம் நம்பர் மெஷினில் பிரஷர் வால்வை சத்தம் கேட்டுத்தான் திருப்புவேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? "வழக்கமான சத்தம் வரும்வரை" என்று எழுதினேன். யாருக்கு வழக்கம்?

அங்கிருந்து ஐந்து பையன்கள் வந்தார்கள். இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தேன். பாதி சைகை, பாதி இரண்டு மொழியும் கலந்த அரைகுறைப் பேச்சு. நல்ல பையன்கள். மெஷின்களைக் கழற்றி கண்டெய்னரில் ஏற்றிய அன்று தரையில் போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். 1956-ல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித் தொடங்கி வைத்தது இந்தக் கண்டெய்னர் முறை, ஒரு ஆலையே பெட்டியில் போகும் என்று அவரே நினைத்திருப்பாரோ என்னவோ.

நாலு மாதம் கழித்து நடுராத்திரி போன். அந்த ஐவரில் ஒருவன். மூன்றாம் நம்பர் அடம்பிடிக்கிறது. போனை மெஷின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். கேட்டேன். "கால் சுற்று, இடப்பக்கம்" என்றேன். திருப்பினான். சத்தம் மாறியது எனக்கு இங்கேயே தெரிந்தது.

வேலையைப் பறித்தவனுக்கு ஏன் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். பறித்தது அந்தப் பையனா? அவனுக்கு மேலே என்ன டார்கெட் வைத்திருந்தார்களோ.

வாட்ச் பிடித்தவன்

ஐயா, அந்தப் போனை மறக்க முடியாது.

டெய்லர் அக்காவுக்கு இன்னொன்று. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்று ஒரு தம்பதி. தொழிலாளியின் விரலில் குட்டி பல்ப் கட்டி, நீண்ட நேரம் கேமராவைத் திறந்து வைத்து, கை போகிற வழியை ஒளிக்கோடாகப் படம் எடுத்தார்கள். நூறு வருஷம் முன்பே. நாங்கள் இப்போது வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். நீங்கள் இப்போது வேலை செய்கிற இடத்திலும் டேப் ஒட்டியிருக்கிறீர்களா?

பிளாட்லாக் டெய்லர்

இல்லை தம்பி. இடது கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் வளர்த்து வைத்திருக்கிறேன். மடிப்பு ஓரம் அதில்தான் முட்டும். போன மாதம் வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். துணியைப் பிடித்திருப்பதாகத்தான் தெரியும்.