துபாய் ஆர்டர்: 2 இன்ச் லைனிங் வால்வுக்கு ஸ்கோமெட் அனுமதி வேணுமா?

சூரமங்கலம் பட்டறை

வணக்கங்க. சேலத்திலிருந்து 2 இன்ச் பால் வால்வு 140 எண்ணம், துபாய் வியாபாரி ஒருத்தருக்குப் போகணும். எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு) உடல், பிடிஎஃப்இ (டெஃப்லான்) சீட்டு வச்சது 80. உள்ளே முழுக்க பிடிஎஃப்இ லைனிங் போட்டது 40. அலாய் 20 என்ற நிக்கல்-குரோமியக் கலவையில் வார்த்தது 20 எண்ணம். எச்எஸ் கோடு (சுங்க வகைப்பாட்டு எண்) மூணுக்கும் 8481 தான். "வால்வுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாது, தூத்துக்குடியில ஏத்திடலாம்" என்கிறார் ஏஜென்ட். இது ஸ்கோமெட் பட்டியலில், அதாவது ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களுக்கான நம்ம அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருமா? இன்னொண்ணு: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடலையே, அப்புறம் நமக்கு எதுக்கு இந்தக் கட்டுப்பாடு?

ஐந்து ரோடு

எச்எஸ் கோடை வச்சு முடிவு பண்ணாதீங்க. வீட்டுக் குழாயும் 8481 தான், அமில ஆலை வால்வும் 8481 தான். ஸ்கோமெட் பார்ப்பது ரெண்டே விஷயம்: அளவு, ரசாயனம் படும் பரப்பு எதனால் ஆனது என்பது. 10 மி.மீ.க்கு மேல் அளவுள்ள வால்வில், ரசாயனம் தொடும் பரப்பு முழுவதும் பட்டியலிலுள்ள பொருளால் ஆகியிருந்தால் அனுமதி வேணும். புளோரோபாலிமர் (பிடிஎஃப்இ இந்த வகைதான்), கண்ணாடி, டைட்டானியம், டான்டலம், சிர்கோனியம், 40 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகம், 25-க்கு மேல் நிக்கலும் 20-க்கு மேல் குரோமியமும் சேர்ந்த உலோகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இப்ப உங்க மூணு வகைக்கு வரேன்.

316-ல குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 10 முதல் 14. வராது. சீட்டு மட்டும் பிடிஎஃப்இ என்பதால் அது மாறிடாது, ஏன்னா பாலும் உடலும் எஃகாகவே திரவத்தைத் தொடுது.

முழு லைனிங் 40-ம் கண்டிப்பா வரும். உடல் தனி, லைனர் தனின்னு பிரிச்சு அனுப்பினாலும் தப்பாது. வால்வு உடலும் அதுக்கான லைனரும் தனித்தனியாகவே பட்டியலில் இருக்கு.

சிக்கல் அலாய் 20-லதான். அலாய் 20-ஐ வார்க்கும் தரமான சிஎன்7எம்-க்கு நிக்கல் 27.5 முதல் 30.5 வரை இருக்கலாம். அது 25-ஐத் தாண்டியாச்சு. குரோமியத்துக்கோ 19 முதல் 22 வரை விட்டிருக்காங்க. ஒரு ஹீட்டில் (ஒரு முறை உருக்கி ஊத்தும் உலோகம்) 19.6 வந்தால் வெளியே, அடுத்த ஹீட்டில் 20.4 வந்தால் உள்ளே. பவுண்டரி டெஸ்ட் சர்டிபிகேட்டை எடுத்து, 20 வால்வுக்கும் ஹீட் நம்பர் வாரியா பாருங்க. ரெண்டு ஹீட் கலந்திருந்தால் மொத்தத்துக்கும் அனுமதி கேட்பதே பாதுகாப்பு.

ஏற்காடு அடிவாரம்

கையெழுத்து பத்திக் கேட்டீங்களே, உங்க வால்வு அந்த ஒப்பந்தத்தால் பட்டியலுக்கு வரலை. ஈரான் மேல் ஈராக் ரசாயன ஆயுதம் வீசியது 1984-ல் ஐ.நா. விசாரணையில் உறுதியாச்சு. அதுக்கான மூலப்பொருள்கள் சாதாரண வியாபாரம் மாதிரியே பல நாடுகளிலிருந்து போயிருந்தது. அதைத் தடுக்க 1985-ல் பல நாடுகள் கூடி அமைச்சதுதான் ஆஸ்திரேலியா குழு. எஃகை அரிக்கிற ரசாயனத்தைக் கையாள லைனிங் வால்வு இல்லாமல் முடியாது. அதனால் கருவிகளும் பட்டியலில் ஏறுச்சு.

துபாய் பெயரைக் கேட்டதும் அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்வதற்கும் காரணம் இருக்கு. 2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பி, லிபியாவுக்குப் போன, யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ் பாகங்களை இறக்கினாங்க. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கள்ள வலையமைப்புக்காக மலேசியப் பட்டறை ஒன்றில் கடைந்த பாகங்கள் அவை, துபாய் வழியா வந்தவை. அது எதுக்குப் போகுதுன்னு தெரியாதுன்னுதான் அந்தப் பட்டறை சொன்னது. இதுக்குப் பிறகு 2004 ஏப்ரல் 28-ல் பாதுகாப்பு அவை 1540-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எல்லா நாடும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வச்சிருக்கணும் என்பது அதன் சாரம்.

இந்தியா 2005-ல் பேரழிவு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்குவோர் குழு நம்மோடு அணு வணிகம் செய்ய விலக்கு தந்தது. 2016-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2017-ல் வாசனார் (ஆயுத, இரட்டைப் பயன்பாட்டுப் பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அமைப்பு), 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியா குழுன்னு வரிசையா உள்ளே போனோம். ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் நாம் காட்டிய சான்று இந்த ஸ்கோமெட் பட்டியலும் அதை நாம் ஒழுங்காக் கடைப்பிடிப்பதும்தான். சேலத்துப் பெட்டி ஒன்று தவறான இடத்தில் பிடிபட்டால் டெல்லி பதில் சொல்லணும்.

மாமாங்கம்

இங்கே வெள்ளைக்கல் (மேக்னசைட்) லோடு அனுப்புறவங்களும் இதையே கேட்பாங்க. மேக்னசைட் தாதுவோ சுட்ட மேக்னசைட்டோ பட்டியலில் இல்லை. 60 மைக்ரானுக்குக் கீழே அரைத்த மெக்னீசிய உலோகத் தூள் வேற. அது ராக்கெட் எரிபொருள் வரிசையில் வரும்.

சூரமங்கலம் பட்டறை

ரொம்ப நன்றிங்க. வியாபாரி "இறுதி வாடிக்கையாளர் யாருன்னு சொல்ல முடியாது, நானே சான்று தரேன்" என்கிறார். போதுமா?

ஐந்து ரோடு

போதாதுங்க. விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்னுபோகுது. இறுதிப் பயனர் சான்று, வால்வைக் குழாயில் பொருத்தப் போகும் ஆலையின் லெட்டர்ஹெட்டில், அங்குள்ள பொறுப்பாளர் கையெழுத்தோடு வரணும். நடுவில் உள்ள வியாபாரி, சரக்கு பெறுபவர் எல்லார் பெயரும் முகவரியும் அதில் இருக்கணும்.

டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளத்தில் விண்ணப்பம், கூடவே பர்ச்சேஸ் ஆர்டர், தொழில்நுட்ப விவரத்தாள், டெஸ்ட் சர்டிபிகேட். வெளியுறவு, அணுசக்தி, பாதுகாப்பு ஆராய்ச்சி ஆட்கள் உட்காரும் பணிக்குழு இதைப் பார்க்கும். ஆர்டரில் 40, சான்றில் 45 என்று இருந்தாலே கேள்வி வரும், வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பயன்பாட்டுக் கட்டத்தில் "தொழிற்சாலை உபயோகம்" என்று எழுதாதீங்க. எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த ரசாயனம், என்ன செறிவு என்று அவங்களிடமே எழுதி வாங்குங்க.

ஒப்புதலுக்கு வரைபடம் அனுப்பும்போது வெளி அளவு மட்டும் இருக்கட்டும். லைனிங் மோல்டிங் செய்முறை தொழில்நுட்பக் கணக்கில் வரலாம். ஈமெயிலில் போனாலும் அது ஏற்றுமதிதான்.

80 எஸ்எஸ் வால்வைத் தனி இன்வாய்ஸில் இப்பவே அனுப்பலாமான்னு தோணும். பட்டியலில் இல்லாத பொருளானாலும் பேரழிவு ஆயுதத்துக்குப் போகும்னு தெரிஞ்சோ சந்தேகப்பட்டோ அனுப்பினால் சட்டம் பிடிக்கும். அதனால் ஆலை பெயர் வரட்டும், அப்புறம் 80-ஐ ஏத்துங்க. காகிதங்களை 5 வருஷம் பத்திரமா வச்சிருங்க, ஹீட் நம்பர் பட்டியலையும் சேர்த்து.