புதுப்பிப்பு: பாம்பன் கடலோரப் பழைய விடுதி

விடுமுறைக்காகப் பாம்பன் அருகே முன்பணம் கட்டித் தங்கிய பழைய விடுதியில் கூரைப்பூச்சு உதிர்வதாகவும், குழாயில் உப்புநீர் வருவதாகவும், வேறு அறை தர மறுப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

மேலாளர் முதலில், "சீசன் நேரம் சார், ரூமே இல்லை" என்றுதான் சொன்னார். கட்டிலின் மேல் விழுந்துகிடந்த உள்ளங்கை அகலக் காரைத் துண்டை அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்த பிறகே கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

கூரை உதிர்வதற்குக் காரணம் வெறும் பழமை அன்று. கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே நெம்பிக் காரையைப் பெயர்த்துத் தள்ளுகிறது. இதன்மேல் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதால் விரிசல் மறையுமே தவிர, துரு நிற்காது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலமும் இதே அரிப்போடுதான் போராடியது. அதன் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

கீழறையில் கூரை உறுதியாக இருந்தது. உப்புநீர் மட்டும் மாறவில்லை; சோப்பு நுரைக்கவே மறுத்தது. அறை பெருக்க வந்த அக்கா, கேட்காமலேயே கடைசியில் ஊற்றிக்கொள்ள ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். ஊர் திரும்பிய பின் அந்தத் தொகையும் வந்து சேர்ந்துவிட்டது.