தர்கா வாசலில் நின்ற அண்ணன்: உங்கள் வீட்டில் எப்படி?

கீழத்தஞ்சைக்காரன்:

எங்கள் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை பார்த்துவிட்டால் வீட்டில் கால் தங்காது. நாகூர் எஜமான் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவு விழாவான கந்தூரி பதினான்கு நாள். பத்தாம் இரவு சந்தனக்கூடு ஊர்வலத்துக்காவது போய்விட வேண்டும் அவருக்கு. தூரத்தில் பெரிய மினாரா தெரிந்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார். 131 அடி. கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங். இந்து ராஜா மினாரா கட்டினார் என்பதை நன்னி ஒரு அதிசயமாகவே சொன்னதில்லை. பிள்ளை கேட்டார், கிடைத்தது, கட்டினார். அவ்வளவுதான் அவர் கணக்கு.

அண்ணன் சவூதிக்குப் போய் மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தான். கைலி கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பெட்டியில் செண்ட் பாட்டிலைவிட பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேசட் அதிகம். முதல் வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டான். "கப்ருல போய் கேக்குறது ஷிர்க்கு நன்னி. அல்லாகிட்ட நேரா கேளுங்க." கப்ரு என்றால் அடக்கத்தலம், ஷிர்க்கு என்றால் இறைவனுக்கு இணை வைப்பது.

நன்னி பாக்கு இடிப்பதை நிறுத்தவில்லை. "நேராத்தான் கேக்குறேன். எஜமான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

அந்த வருஷம் நன்னியை அழைத்துப் போக வேறு ஆள் இல்லை. அண்ணன்தான் வாடகைக் கார் பேசினான். அலங்கார வாசல் வரை வந்தான், உள்ளே வரவில்லை. செருப்பு வைக்கும் இடத்தில் ஏகக் கூட்டம். நன்னி தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, குனிந்து அவர் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். நாங்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் அதே இடத்தில், அதே செருப்போடு நின்றான்.

எங்களுக்குள் இந்தச் சண்டை புதிது என்றுதான் நினைக்கிறேன். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தொழுகை, நோன்புச் சட்டங்களை அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதியவர். அவரே அரூஸிய்யா என்ற சூஃபி தரீக்காவின் ஷெய்கும்கூட, அதாவது குருவும்கூட. ஷரீஅத்தும் (மார்க்கச் சட்டமும்) தரீக்கத்தும் (சூஃபி வழியும்) ஒரே ஆளுக்குள் இருந்த காலம் அது.

உங்கள் வீடுகளில் எப்படி? வாதம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கேசட் கோஷ்டி:

நான் உங்கள் அண்ணன் கட்சி. காரணத்தையும் கேளுங்கள். என் மாமாவுக்கு மனநிலை சரியில்லாமல் போனபோது ஒரு தர்கா ஊருக்குக் கொண்டு போனார்கள். பெயர் வேண்டாம். பக்கத்துக் கொட்டகையில் காலில் சங்கிலி. தாயத்துக்குத் தனிக் காசு, எண்ணெய்க்குத் தனிக் காசு, "கனவில் உத்தரவு வரணும்" என்று எட்டு மாதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டது. இறைக்காதலைப் பற்றி அழகாகப் பேசலாம், சரி. உண்டியல் சாவி யாரிடம் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. தர்காவும் ஒரு நிறுவனம்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தர்காவை விட்டு நாங்கள் வந்து சேர்ந்த இடமும் நாலைந்தாக உடைந்தது. ஒரு பிரிவுக்காரர் பின்னால் நின்று இன்னொரு பிரிவுக்காரர் தொழ மாட்டார். உண்டியல் இல்லாமலே இப்படி.

நெய்வேலி சைவன்:

சைவன் என்பது பிறப்பால், சாப்பாட்டால் அல்ல. விஷயமே அதுதான்.

வடலூர் ஞானசபையை வள்ளலார் 1872இல் கட்டினார். சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் தள்ளியவர். அவர் பாடியதை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்து, அந்தச் சண்டை மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. அப்புறம் வள்ளலாரின் சபைக்குள்ளேயே லிங்க பூஜை நுழைந்தது. அது அவர் கொள்கைக்கு விரோதம் என்று 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஒரு பூச நாளில் ஜோதி பார்க்கப் போனேன். ஏழு திரை விலகும், சில நொடி தெரியும், கூட்டம் நம்மைத் தள்ளிவிடும். சபை வாசலில் ஒரு பலகை: புலை, கொலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புக வேண்டும். முந்தைய இரவு நான் சாப்பிட்டது வஞ்சிர வறுவல். யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் கால் நகரவில்லை. சாதியை ஒழித்தவர் வாசலில் சோற்றை வைத்து ஒரு கோடு! கொஞ்சம் கோபம்கூட வந்தது. பசித்துப் போய்த் தருமச்சாலைக்கு நடந்தேன். 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்கிறார்கள். இலை போட்டார்கள், சாதம் போட்டார்கள். நேற்று என்ன தின்றாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

டெல்லிவாசி:

ஜமா மசூதி கிழக்குப் பக்கம் படி இறங்கினால் சிவப்புச் சாயம் பூசிய சின்ன தர்கா ஒன்று இருக்கும். சர்மத். அர்மீனிய யூத வம்சம் என்பார்கள், வியாபாரத்துக்கு வந்து ஆடையைத் துறந்து திரிந்த பக்கீர். இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவில் "லா இலாஹ" வரைக்கும்தான் சொல்வாராம், "இறைவன் இல்லை" என்ற பாதியோடு சரி, "அல்லாஹ்வைத் தவிர" என்ற மீதி வராது. ஏன் என்று கேட்ட உலமாக்களிடம், நான் இன்னும் அந்தப் பாதியிலேயே இருக்கிறேன், எட்டாததை எப்படிச் சொல்வது என்றாராம். ஔரங்கசீப் காலத்தில் தலையை வெட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பெரிய மசூதியில் தொழுதுவிட்டு இறங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் செருப்பைக்கூட மாட்டாமல் நேரே இங்கே வந்து பூ வைத்தார்கள். எனக்கு நடந்தது இவ்வளவுதான்.

கீழத்தஞ்சைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கேசட் கோஷ்டி, சங்கிலி விஷயத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் அப்புறம் என்ன ஆனான் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். நன்னி மவுத்தானபோது நாற்பதாம் நாள் ஃபாத்திஹா பித்அத் (மார்க்கத்தில் புதிதாகச் சேர்த்தது) என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தா (அப்பா) ஓத வைத்தார். அண்ணன் மாடியிலேயே இருந்தான். கீழே ஓதி முடித்து, நெய்ச்சோற்று வாளி தூக்க ஆள் போதவில்லை என்று சத்தம் கேட்டதும் இறங்கி வந்து, கடைசிப் பந்தி வரை பரிமாறினான். அவன் சாப்பிட்டானா என்று நான் பார்க்கவில்லை.