20 மில்லிகிராம் போட்டும் சிகரெட் கேட்குதா? வேப்பில் நிக்கோட்டின் ஏறும் கணக்கு

கடைக்காரன்_ஹாரோ

2025 ஜூன் 1-க்குப் பிறகு இங்கை பிரிட்டனில, ஒருக்கா பாவிச்சு எறியிற வேப் (மின் சிகரெட்) விக்க ஏலாது. அதுகளைப் பாவிச்ச ஆக்கள் இப்ப ரீஃபில் பாட் (திரும்பத் திரும்பத் திரவம் நிரப்பிற சின்ன வேப்) வாங்கினம். கொஞ்ச நாளில திரும்பி வந்து சொல்லுறது ஒண்டுதான்: "அண்ணை, இது ஏறுதில்லை, சிகரெட் கேக்குது."

போத்தலை வாங்கிப் பார்த்தால் அனேகமா ரெண்டில ஒரு பிழை. ஒண்டு, ஷார்ட்ஃபில் (நிக்கோட்டின் இல்லாமல், மேல இடம் விட்டு வாற போத்தல்) வாங்கி ஒரு நிக் ஷாட் (அதுக்குள்ள கலக்கிற சின்ன நிக்கோட்டின் போத்தல்) விட்டிருப்பினம். 10 மில்லி ஷாட்டில மில்லிக்கு 18 மில்லிகிராம், மொத்தம் 180. அதை 50 மில்லிக்குள்ள விட்டால் 60 மில்லிக்கும் பரவி மில்லிக்கு 3 தான் நிக்கும். அது பெரிய டேங்குக்குச் சரி, 1.0 ஓம் காயில் (திரவத்தைச் சூடாக்கிற கம்பிச் சுருள்) போட்ட பாட்டுக்குக் காணாது. மற்றது, 18 அல்லது 20 எண்டு இலக்கத்தை மட்டும் பார்த்து ஃப்ரீபேஸ் (அமிலம் சேர்க்காத நிக்கோட்டின்) வாங்கிறது. தொண்டை எரியுது எண்டு அரை இழுப்போட விட்டிடுவினம். பிறகு எங்கை ஏறுறது?

ஓம்_விதி

ஹாரோ அண்ணன் சொன்ன 3, 20 இரண்டையும் கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். போத்தலில் இருப்பது செறிவு மட்டும்தான். ஓர் இழுப்பில் எவ்வளவு திரவம் ஆவியாகிறது என்பதையும் அதோடு பெருக்க வேண்டும்.

1.0 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுக்க, 13.7 வாட். இப்படிப்பட்ட பாட் கருவியில் ஓர் இழுப்புக்கு 5 மில்லிகிராம் திரவம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 1.15 என்றால் அது சுமார் 4.3 மைக்ரோலிட்டர். மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவம் என்றால் அதற்குள் இருப்பது 0.087 மில்லிகிராம் நிக்கோட்டின். 15 இழுப்புக்கு 1.3. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். அதே பாட் கருவியில் மில்லிக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவம் ஊற்றினால் 15 இழுப்புக்கும் சேர்த்து 0.2 மட்டுமே.

இப்போது 0.2 ஓம் காயில். அதே 3.7 வோல்ட்டில் 68 வாட் வரும். இழுப்புக்கு 30 மில்லிகிராம் ஆவியானால், மில்லிக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவத்திலேயே 0.078 மில்லிகிராம் நிக்கோட்டின் கிடைத்துவிடும். அந்த டேங்கில் தெரியாமல் 20 ஊற்றினால் இழுப்புக்கு அரை மில்லிகிராமுக்கு மேல். மூன்றே இழுப்பில் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, படபடப்பு. செய்ய வேண்டியது உடனே நிறுத்தி உட்காருவது. வாந்தி நிற்காவிட்டாலோ நெஞ்சுத் துடிப்பு அடங்காவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காரம்_அமிலம்

சால்ட் (அமிலம் சேர்த்த நிக்கோட்டின்) என்றால் நிக்கோட்டின் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு அதேதான், நிலைதான் வேறு. நிக்கோட்டின் ஒரு மென்காரம். பிஹெச் 8 வாக்கில் பாதி ஃப்ரீபேஸாகவும் பாதி புரோட்டான் ஏற்ற நிலையிலும் இருக்கும். தொண்டையில் பிடிப்பது ஃப்ரீபேஸ், ஏனென்றால் எளிதில் ஆவியாகி, வேப் புகையின் துளியை விட்டு வெளியேறுவது அதுதான். பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் பிஹெச் இறங்கி, நிக்கோட்டின் துளிக்குள்ளேயே தங்கி நுரையீரல் வரை போகிறது. அங்கே உடம்பின் பிஹெச் 7.4, பரப்பும் மிகப் பெரியது. உறிஞ்சப்படுவதில் தடையில்லை.

அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் இதைத்தான் பயன்படுத்தியது: மில்லிக்கு சுமார் 59 மில்லிகிராம், 0.7 மில்லி பாட். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உச்சவரம்பு 20. அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஆரம்பக் காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 2010-இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் அன்றைய சிகரெட் வடிவ வேப்களைச் சோதித்தபோது, புதிதாகப் பிடித்தவர்களின் இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறவே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இருந்தது.

திரி_மாற்று

இழுக்கிற முறையை யாரும் சொல்லவில்லையே. சிகரெட்டை இரண்டு நொடியில் வெடுக்கென்று இழுப்பார்கள். பாட் கருவியில் அப்படிச் செய்தால் காயில் சூடாவதற்குள் இழுப்பு முடிந்துவிடும். உறிஞ்சலின் வேகத்தில் திரவம் காயிலுக்குள் புகுந்து களகளவென்று சத்தம் போடும், வாயில் துளி தெறிக்கும். மெதுவாக மூன்று நான்கு நொடி, முதலில் வாய்க்கு, பிறகு நுரையீரலுக்கு.

புதுக் காயில் போட்டால் பஞ்சு தெரியும் துளைகளில் சில சொட்டு விட்டு, பாட்டை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். பஞ்சு முழுக்க ஊறாமல் பட்டனை அமுக்கினால் நடுப்பகுதி கருகும். கருகிய பஞ்சு திரும்ப வராது, காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காய்ந்த காயிலில் கிளிசரின் மிதமிஞ்சிச் சூடாகி அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு உண்டாகும். கசப்பும் காரமும் கலந்து அடிப்பது அதனால்தான். அந்த ருசியோடு இழுப்பது வெறும் முட்டாள்தனம்.

திரவத்தில் பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்), விஜி (கிளிசரின்) விகிதமும் பார்க்கணும். பாட்டுக்கு 50:50. விஜி 70 உள்ள திரவம் தேன் மாதிரி கெட்டி, பாட்டின் சின்னத் துளையில் இறங்காமல் பஞ்சு காயும். 50:50-ஐப் பெரிய காயிலில் விட்டால் அடிவழியே கசியும். இனிப்பான ஜூஸ் என்றால் சுக்ரலோஸ் காயிலில் கருப்பாகப் படிந்து சீக்கிரம் அடைக்கும்; ஆவி குறையும், நிக்கோட்டினும் குறையும். "முதல் ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு" என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிறுத்தல்_ஆலோசகர்

சிகரெட்டை விட வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, "குறைவாகப் போட்டால் நல்லது" என்று 3-இல் தொடங்குவது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தில் பழகிய வேப்பர்களுக்கு மில்லிக்கு 24, 6 மில்லிகிராம் திரவங்கள் இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 6-இல் அதிகத் தடவை, அதிக நேரம் இழுத்தார்கள். அப்படியும் இரத்தத்தில் நிக்கோட்டின் குறைவாகவே இருந்தது. திரவம் கூடுதலாக உள்ளே போனதுதான் மிச்சம். எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 20 சால்ட் சரியான தொடக்கம். நிக்கோட்டினின் அரைவாழ்வு சுமார் 2 மணி நேரம் என்பதால் விடியும்போது அளவு விழுந்திருக்கும். தோலில் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டு கூடவே வேப்பும் பிடிக்கலாம்.

2019-இல் வந்த பிரிட்டிஷ் பரிசோதனையில் 886 பேர். ஓராண்டு கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் குழுவில் 18 சதவீதம், பேட்ச், நிக்கோட்டின் கம் வகைகளில் 9.9. ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விடவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புகைக்காதவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, அவர் தொடாமல் இருக்கட்டும்.

இன்னொன்று. சிகரெட் புகை கல்லீரலில் காபியின் காஃபீனையும் சில மருந்துகளையும் சிதைக்கும் சிவைபி1ஏ2 நொதியைக் கூட்டும், நிக்கோட்டின் கூட்டாது. வேப்புக்கு மாறியதும் அந்த நொதி இறங்கும், அதே காபி இரட்டிப்பாக அடிக்கும். கை நடுங்குவதை நிக்கோட்டின் கூடிவிட்டது என்று தவறாக நினைப்பார்கள். குளோசபின், ஒலன்சபின், தியோபிலின் எடுப்பவர்கள் மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரன்_ஹாரோ

சென்னைக்கு வேப் கொண்டு போகலாமோ எண்டு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கேப்பினம். வேண்டாம். இந்தியாவில 2019 சட்டப்படி இறக்குமதியே குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, இல்லாட்டி ஒரு லட்சம் ரூபா வரை தண்டம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். சிங்கப்பூர் வழியாப் போறவைக்கும் அங்கை தடை, வைச்சிருந்தாலே பிழை. கம் கொண்டு போங்கோ.

காரம்_அமிலம்

கம் என்றால் சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிகிற வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விழுங்கிய நிக்கோட்டின் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் தரும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ், கோலா கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் சால்ட் நிலைக்குப் போய்விடும். நுரையீரலில் தடையாகாத அது வாய்த்தோலைக் கடக்காது.